மகள் வாங்கும் லண்டன் வீட்டுக்கு ஆயுள் எத்தனை வருடம்?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸருக்குப் பிறகு, எனது உறவுமுறை ராத்தா ஒருவர் கையில் ஒரு கடித உறையுடன் வீட்டுக்கு வந்தார். அவரது மகள் திருமணமாகிக் கணவனுடன் லண்டனில் இருக்கிறாள். வாடகை கட்டிக் கட்டிக் களைத்துப்போன இருவரும் ஒரு தொடர்மாடி வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அதே தெருவிலுள்ள மற்ற வீடுகளைவிட அதன் விலை குறைவு. "மலிவாக் கிடச்சிருக்கும்மா, விட்டா வேற ஆக்கள் எடுத்திடுவாங்க" என்று மகள் தினமும் டெலிபோனில் அவசரப்படுத்துகிறாள். முற்பணத்தில் குறையும் தொகையை உம்மா அனுப்ப வேண்டும். காலஞ்சென்ற கணவர் ராத்தாவின் பெயருக்கு எழுதி வைத்த ஒரு துண்டுக் காணி இருக்கிறது. அதை விற்றுவிடலாமா என்று கேட்கவே வந்திருந்தார்.

உறைக்குள் இருந்தது வீட்டுத் தரகர் அச்சடித்த விளம்பரத்தாள். வரவேற்பறை, இரண்டு படுக்கையறை, நடந்துபோகும் தூரத்தில் ரயில் நிலையம் என்றெல்லாம் அழகாகப் போட்டுவிட்டு, அடியில் சின்ன எழுத்தில் "லீஸ்ஹோல்ட், எஞ்சியிருப்பது 71 வருடங்கள்" என்று போட்டிருந்தார்கள்.

"இது என்ன தங்கச்சி கணக்கு? வீடு வாங்கினா வீடுதானே. அதுக்கு என்ன வருசம்?" என்றார் ராத்தா.

அவர் கேட்டது சரியான கேள்வி. நம் நாட்டில் ஒரு வீட்டை வாங்கும்போது நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன், உறுதி எழுதுகிறோம். 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் முதல் அதுதான் நடைமுறை. எழுதிய உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிந்தால் நிலமும் அதன் மேல் நிற்கும் சுவரும் நமக்கும் நமது பிள்ளைகளுக்கும் என்று நிம்மதியாக இருக்கிறோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனி வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் விற்கப்படுகின்றன. அதற்கு பிரீஹோல்ட் என்று பெயர். தொடர்மாடி வீடுகளின் கதை வேறு. ஏறத்தாழ அவை அனைத்தும் லீஸ்ஹோல்ட், அதாவது நீண்டகாலக் குத்தகை. நிலமும் கட்டடமும் வேறொருவருக்குச் சொந்தம். நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த வீட்டில் இத்தனை வருடங்கள் இருக்கும் உரிமையை மட்டுமே. அந்த வருடங்கள் முடிந்தால், சட்டம் தரும் சில பாதுகாப்புகள் போக, வீடு நிலச் சொந்தக்காரரிடமே திரும்பிப் போகும்.

(ஸ்கொட்லாந்தில் பிள்ளைகள் இருக்கும் தாய்மார் இந்தக் கவலையைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். அங்கே தொடர்மாடி வீடும் முழு உரிமையாகவே விற்கப்படுகிறது. எஞ்சியிருந்த மிக நீண்ட குத்தகைகளில் பெரும்பாலானவையும் 2015 நவம்பரில் சட்டப்படி முழு உரிமையாக மாறிவிட்டன.)

எண்பது என்ற எல்லை

பழைய குத்தகைகள் பெரும்பாலும் 99 வருடம் அல்லது 125 வருடத்துக்கு எழுதப்பட்டவை. 999 வருடக் குத்தகைகளும் உண்டு. அவற்றை வாங்குவோருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. 99 என்று எழுதப்பட்டதில்தான் கவனம் வேண்டும். 1985 இல் எழுதிய 99 வருடக் குத்தகை 2084 இல் முடிகிறது. 2004 ஆம் ஆண்டு கடந்தபோதே அதில் எண்பதுக்குக் குறைவான வருடங்கள்தான் எஞ்சியிருந்தன.

எண்பது ஏன் முக்கியம்? 1993 ஆம் ஆண்டின் சட்டம் தொடர்மாடி வீட்டுக்காரருக்கு ஓர் உரிமையைக் கொடுத்தது. நிலச் சொந்தக்காரருக்கு ஒரு தொகையைச் செலுத்தினால் எஞ்சியிருக்கும் வருடங்களுடன் மேலும் 90 வருடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம், நிலவாடகையும் அற்றுப்போகும். அந்தத் தொகையைக் கணக்கிடும் முறையில்தான் சிக்கல். எஞ்சியிருப்பது எண்பதுக்குக் குறைந்துவிட்டால், குத்தகையை நீட்டுவதனால் வீட்டுக்கு ஏற்படும் விலையேற்றத்தில் ஒரு பகுதியிலும் அரைவாசி நிலச் சொந்தக்காரருக்குப் போகிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'திருமணப் பெறுமதி'. நமது மஹருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! குத்தகையும் நிலமும் 'சேர்வதால்' வரும் பெறுமதி என்பதால் அப்படியொரு பெயர்.

ஆகவே 71 வருட வீடு மலிவாக இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. குறைந்த விலையில் வாங்கி, நீட்டிப்புக்கு ஆயிரக்கணக்கான பவுண்களைப் பின்னர் கொடுக்க வேண்டிவரும். நீட்டாமல் வைத்திருந்தாலோ வருடத்துக்கு வருடம் அந்தச் செலவு ஏறும். விற்கப்போகும் நாளில் வாங்க வருபவருக்குக் கடன் கொடுக்க வங்கிகளும் பின்வாங்கும். கடன் முடிந்த பிறகும் பல பத்து வருடங்கள் குத்தகையில் மிஞ்ச வேண்டும் என்று வங்கிகள் எதிர்பார்க்கின்றன. இந்த எல்லை வங்கிக்கு வங்கி வேறுபடும்.

2024 மே மாதம் பிரித்தானியப் பாராளுமன்றம் இதைத் திருத்தப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 90 வருடத்துக்குப் பதிலாக 990 வருடம் சேர்க்கலாம், திருமணப் பெறுமதி ஒழியும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு "சட்டம் வந்திட்டுதானே" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் ஒரு சட்டம் நிறைவேறியவுடன் அதன் எல்லாப் பிரிவுகளும் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவருகிறார்கள். முன்னர் வீட்டை வாங்கி இரண்டு வருடம் காத்திருந்த பிறகே நீட்டிப்புக் கேட்கலாம் என்று இருந்த விதி 2025 ஜனவரி 31 இல் நீங்கியது. 990 வருடமும் திருமணப் பெறுமதி ஒழிப்பும் அன்று வரவில்லை. வாங்கும் நாளில் எவை நடைமுறையில் இருக்கின்றன என்று சட்டத்தரணியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வருடா வருடம் போகும் காசு

நிலவாடகை என்று ஒன்று உண்டு. 2022 ஜூன் 30 முதல் புதிதாக எழுதப்படும் பெரும்பாலான நீண்டகாலக் குத்தகைகளில் அதை அறவிட முடியாது. பழைய குத்தகைகளில் அது அப்படியே இருக்கிறது. தொகை சிறியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். எப்படிக் கூடுகிறது என்பதைப் பாருங்கள். வருடம் 250 பவுண், பத்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று எழுதியிருந்தால் ஐம்பது வருடத்தில் அது 8,000 பவுணில் போய் நிற்கும். இத்தகைய வாசகம் உள்ள வீட்டை விற்க முடியாமல் தவித்த குடும்பங்களின் கதை பிரித்தானியப் பத்திரிகைகளில் வருடக்கணக்காக அடிபட்டது. நிலவாடகை பாக்கி 350 பவுணைத் தாண்டினாலோ, மூன்று வருடத்துக்கு மேல் நிலுவையில் கிடந்தாலோ, குத்தகையையே இரத்துச் செய்யக் கோரி நிலச் சொந்தக்காரர் நீதிமன்றம் போகவும் இடமுண்டு.

மற்றது பராமரிப்புக் கட்டணம். கூரை, மின்தூக்கி, படிக்கட்டு, காப்புறுதி எல்லாவற்றுக்கும் வீட்டுக்கு வீடு பங்கு போடுவார்கள். அதற்கு உச்ச வரம்பு என்று ஒன்றும் கிடையாது. கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்றுதான் 1985 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அநியாயம் என்றால் நியாயசபைக்குப் போகலாம். பெரிய திருத்த வேலை ஒன்றில் ஒரு வீட்டின் பங்கு 250 பவுணைத் தாண்டுமானால், முன்கூட்டியே அறிவித்தல் கொடுத்துக் குடியிருப்போரின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு இது.

இங்கேதான் வாங்குபவர் ஏமாறும் இடம். கூரை மாற்றுவதற்கான அறிவித்தல் விற்பனைக்கு முன்னரே வந்திருக்கும். வேலை நடப்பதும் பற்றுச்சீட்டு வருவதும் வீடு கைமாறிய பிறகு. யார் கட்டுவது? ஒப்பந்தத்தில் எழுதியிருக்காவிட்டால் பற்றுச்சீட்டு வரும் நாளில் குத்தகை யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான். இதற்காகவே முகாமைக் கம்பனியிடமிருந்து ஒரு தகவல் கட்டு வாங்குகிறார்கள். சட்டத்தரணிகள் அதை எல்பிஈ1 படிவம் என்பார்கள். கடந்த வருடங்களின் கட்டணக் கணக்கு, திருத்த நிதியில் இருக்கும் தொகை, வரவிருக்கும் வேலைகள், வழக்குகள், காப்புறுதி எல்லாம் அதில் வர வேண்டும். மகளிடம் சொல்லுங்கள், சட்டத்தரணி அதை வாசித்தால் மட்டும் போதாது, தானும் ஒரு முறை வாசிக்கட்டும்.

கட்டடம் உயரமானதா என்றும் கேளுங்கள். 2017 ஜூன் 14 ஆம் திகதி லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 உயிர்கள் போயின. இறந்தவர்களில் முஸ்லிம் குடும்பங்கள் பல. ஸஹருக்காக விழித்திருந்தவர்கள் அயலவரைத் தட்டி எழுப்பியதை அன்று உலகமே பேசியது. வெளிச்சுவரில் ஒட்டியிருந்த, தீப்பற்றக்கூடிய பலகைகளே நெருப்பை மேலே ஏற்றின. அதன் பிறகு அத்தகைய சுவர்களை மாற்றும் செலவைக் குடியிருப்போர் மீது சுமத்தப் பார்த்தார்கள். 2022 ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், 11 மீற்றர் அல்லது ஐந்து மாடிக்குக் குறையாத கட்டடங்களில் தகுதியுள்ள குத்தகைக்காரருக்குப் பாதுகாப்பு அளித்தது. அந்தத் தகுதி, 2022 பெப்ரவரி 14 அன்று வீட்டுக்கு யார் சொந்தக்காரர், அவர் எங்கே குடியிருந்தார் என்பதைப் பொறுத்தது. ஆகவே அன்றைய சொந்தக்காரர் எழுதிக்கொடுத்த அத்தாட்சிப் பத்திரத்தை விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

யார் பெயரில்?

"நான் காசு குடுக்கிறன், என்ட பேரையும் போடுவமா?" என்று ராத்தா கேட்டார். மருமகன் நல்லவர்தான், என்றாலும் ஒரு தாயின் மனம் அப்படித்தான் யோசிக்கும். நான் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

வீட்டின் விலை 3 இலட்சம் பவுண் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, மகளும் மருமகனும் இதற்கு முன் எங்கும் வீடு வைத்திராதவர்களானால் அவர்கள் கட்ட வேண்டிய முத்திரைத் தீர்வை ஒரு சதமும் இல்லை. உம்மாவின் பெயரையும் உரிமையாளராகச் சேர்த்தால் என்ன நடக்கும்? உம்மாவுக்கு இலங்கையில் வீடு இருக்கிறது. உலகில் எங்கே வீடு இருந்தாலும் முதல்முறை வாங்குவோருக்கான சலுகை மூவருக்குமே போய்விடும். 5,000 பவுண் சாதாரணத் தீர்வை. இலங்கை வீடு 40,000 பவுணோ அதற்கு மேலோ பெறுமதியானால், இரண்டாவது வீடு என்று 5 வீதம் மேலதிகம், அது 15,000. உம்மா பிரித்தானியாவில் வசிப்பவர் அல்லர் என்பதற்காக இன்னுமொரு 2 வீதம், 6,000. மொத்தம் 26,000 பவுண். காணி விற்ற காசில் பெரும் பகுதி அன்பின் பெயரால் அரசாங்கத்துக்குப் போகும்.

ராத்தா கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப மகள்ட பேர்ல மட்டும் இருக்கட்டும்" என்றார்.

மகளின் பெயர் இருப்பது முக்கியம்தான். உம்மா காசு கொடுத்து, மருமகனின் பெயரில் மட்டும் வீடு பதியப்படும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ! இலங்கையில் முறைப்படி நடந்து பதியப்பட்ட நிகாஹ் பொதுவாக அங்கும் திருமணமாக ஏற்கப்படும். அத்தகைய மனைவி, தன் பெயர் இல்லாவிட்டாலும், குடியிருக்கும் வீட்டில் தனக்குள்ள வதிவுரிமையைக் காணிப் பதிவகத்தில் குறித்துவைக்கலாம். ஆனால் இங்கிலாந்திலேயே நிகாஹ் மட்டும் செய்து, சிவில் பதிவு செய்யாமல் இருப்போரின் நிலைமை வேறு. அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே அல்ல என்று 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் பெயர் வீட்டில் இல்லாவிட்டால், அவள் தன் பங்கை நிரூபிக்க நீண்ட வழக்கு ஆடவேண்டி வரலாம்.

இருவர் பெயரிலும் பதியும்போது சட்டத்தரணி ஒரு கேள்வி கேட்பார். கூட்டுரிமையா, பங்குரிமையா? அவசரத்தில் பலர் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். கூட்டுரிமை என்றால் ஒருவர் மௌத்தானதும் முழு வீடும் மற்றவருக்கு. மரணசாசனம் எழுதியிருந்தாலும் அந்தப் பங்கை அது தொடாது. பங்குரிமை என்றால் அவரவர் பங்கு தனித்தனி. யார் எவ்வளவு போட்டார் என்று ஒரு நம்பிக்கைப் பத்திரத்தில் எழுதிவைக்கலாம். உம்மா மகளுக்குக் கொடுத்த தொகை மகளின் பங்காக அதில் பதிவாகும்.

இன்னொரு விடயம். இங்கே நாம் மௌத்தானால் 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பெற்றோருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரிய பங்கு போகிறது. இங்கிலாந்திலுள்ள வீட்டுக்கு அந்தச் சட்டம் போகாது. மரணசாசனம் இல்லாவிட்டால், அங்குள்ள சட்டப்படி பிள்ளைகள் இல்லாத கணவன் அல்லது மனைவிக்கே எல்லாம். பிள்ளைகள் இருந்தால் முதல் 322,000 பவுணும் மிச்சத்தில் பாதியும் துணைக்கு, மீதி பிள்ளைகளுக்கு. பெற்றோருக்கு எதுவுமில்லை. ஷரீஅத் படி பங்கு போக வேண்டும் என்று விரும்புவோர் பங்குரிமையாகப் பதிந்து, மரணசாசனமும் எழுதியாக வேண்டும்.

வட்டியில்லாமல் வாங்க நினைப்போருக்குப் பிரித்தானியாவில் சில வங்கிகள் பங்குடைமை முறையில் வீடு வாங்கித் தருகின்றன. வங்கி வீட்டை வாங்கிக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு, பங்கைச் சிறுகச் சிறுக விற்கிறது. வீடு இரண்டு முறை கைமாறுவதால் முன்னர் இரட்டைத் தீர்வை விழுந்தது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. இந்த வங்கிகளும் குத்தகையின் வருடக் கணக்கைப் பார்த்தே சம்மதம் சொல்லும்.

காசு போகும் வழி

காணி விற்ற காசு எப்படி லண்டன் போகும் என்பதில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. லண்டன் சட்டத்தரணி "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டே தீருவார், பணச்சலவைத் தடுப்புச் சட்டம் அவரை அப்படிக் கேட்கச் செய்கிறது. காணி விற்ற உறுதியின் பிரதி, வங்கிக் கூற்று, உம்மாவின் அடையாளப் பத்திரம் எல்லாம் போக வேண்டும். "இது நன்கொடை, திரும்பக் கேட்க மாட்டேன், வீட்டில் எனக்கு உரிமை இல்லை" என்று ஒரு கடிதமும் உம்மா ஒப்பமிட வேண்டும். உண்டியலில் அனுப்பிய காசுக்கு இதில் எதையும் காட்ட முடியாது, வீடே கைநழுவிப் போகும். இலங்கையிலிருந்து வெளியே பணம் அனுப்புவதற்கும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே காணியை விலை பேசுவதற்கு முன் நமது வங்கிக்குப் போய், எவ்வளவு அனுப்பலாம், என்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே ஒப்பந்தம் கைமாறும் நாள் வரை இரு பக்கமும் விலகிக்கொள்ளலாம். அன்று வழக்கமாக 10 வீதம் கட்டுகிறார்கள். அதன் பின் விலகினால் அது போய்விடும். ஆகவே கேட்க வேண்டியதை எல்லாம் அதற்கு முன்னரே கேட்டுவிட வேண்டும். காணிப் பதிவகத்தின் பதிவேட்டை 7 பவுண் கட்டி யாரும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். குத்தகை எந்தத் திகதியில் தொடங்குகிறது, எத்தனை வருடம் என்பது அதிலேயே இருக்கும்.

ஏற்கெனவே அங்கே வீடு வைத்திருந்து விற்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தகவல் கட்டு வர வாரக்கணக்காகும், காசும் கட்ட வேண்டும். வாங்க ஆள் வந்த பிறகு கேட்டால் ஆள் போய்விடுவார். வீட்டில் செய்த மாற்றங்களுக்கு அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்றும் தேடிவையுங்கள். வுழூச் செய்ய வசதியாகக் குளியலறைக் குழாயை மாற்றியதும், கம்பளத்தைக் கழற்றிப் பலகைத் தரை போட்டதும் பல குத்தகைகளில் நிலச் சொந்தக்காரரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டிய வேலைகள். அப்போது யாரும் கேட்கவில்லை என்பதால் இப்போதும் கேட்க மாட்டார்கள் என்றில்லை.

ராத்தாவின் மகள் அந்த 71 வருட வீட்டைத்தான் வாங்கினாள். ஆனால் கேட்ட விலைக்கு அல்ல. நீட்டிப்புக்கான அறிவித்தலை விற்பவரே முதலில் நிலச் சொந்தக்காரருக்குக் கொடுத்து, அந்த உரிமையை விற்பனையுடன் சேர்த்து மகளுக்கு மாற்றிக் கொடுத்தார். மகள் தன் பெயரில் பதிவு முடியும் வரை காத்திருந்திருந்தால் அதற்குள் இன்னும் பல மாதங்கள் ஓடியிருக்கும். நீட்டிப்புச் செலவில் ஒரு பங்கு விலையில் கழிந்தது. நன்கொடைக் கடிதத்தில் ராத்தா என் வீட்டு மேசையில் வைத்துத்தான் ஒப்பமிட்டார். நம்பிக்கைப் பத்திரத்தின் பிரதி இப்போது காணி விற்ற உறுதியின் பிரதியுடன் சேர்த்து அவரது அலுமாரியில் இருக்கிறது.